பிரித்துக்கொண்டே போனால் நின்றுவிடும்

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு சரஸ்வதி பூஜை. நவராத்திரியில் நம் வழக்கப்படி ஒன்று, தை மாதக் குளிரில் இந்த ஊர் வழக்கப்படி இன்னொன்று. இரண்டு நாளும் என் வீட்டுக்காரர் பேனா, பென்சில், சாக்பீஸ் எதையும் தொடக் கூடாது. கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்த முதல் வருஷமே நான் இதைச் சொல்லிவிட்டேன். அவர் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு எழாது. அவருடைய வேலையில் நான் தலையிட்டது அந்த ஒரு விஷயத்தில்தான். அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நான் புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டால், அவிழ்க்கும்வரை தொட மாட்டார்.

அந்த வழக்கம் இல்லாமல் இருந்திருந்தால் நான் சொல்லப்போவது நடந்திருக்குமோ என்னவோ.

டாக்குரியாவில், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில், முதல் மாடியில் எங்களுக்கு இரண்டு அறை. உள்ளே நுழைந்த அன்றே படுக்கையறைச் சுவரில் ஒரு கரும்பலகையைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இருப்பது போலப் பெரியது. கண்ணாடி மாட்ட வேண்டிய இடத்தில் பலகை மாட்டியிருக்கிறாரே என்று நினைத்தேன். கேட்கவில்லை. வகுப்பு இல்லாத நாட்களில் கட்டிலில் மல்லாந்து படுத்து அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார். எழுந்து ஒரு கோடு போடுவார். மறுபடி படுத்துவிடுவார். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவை இந்த ஊர் வழக்கப்படி தீதி என்று கூப்பிடப் பழகியிருந்தேன். அவர் ஒரு நாள் துணி உலர்த்தும்போது கேட்டார்.

“உன் வீட்டுக்காரர் பகலெல்லாம் படுத்தே கிடக்காரே, கவிதை எழுதறவரா?”

“இல்ல தீதி, கணக்கு.”

“ஓ மா! அது கவிதையைவிட மோசமாச்சே!”

முதல் பொங்கலுக்கு வீடு முழுக்க ஒட்டடை அடித்தேன். அந்த வேகத்தில் பலகையையும் ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டேன். மாலையில் வந்தவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். “பரவால்ல பரவால்ல, அதுல இருந்ததெல்லாம் தப்புதான், நானே அழிக்கணும்னுதான் இருந்தேன்” என்று ஒரே மூச்சில் சொன்னார். பிறகு பதினைந்து நாள் உட்கார்ந்து அதையே திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த மாதம் ஊரிலிருந்து மாமியார் போனில் கூப்பிட்டார். இவருக்கு உடம்பு அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தது. “நல்லா இருக்கேன்மா நல்லா சாப்பிடறேன்மா” என்று அதே ஓட்டத்தில் சொன்னார். அப்போதுதான் புரிந்துகொண்டேன். உள்ளதைச் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிற மனிதர், இல்லாததைச் சொல்லும்போது ஓடுவார். அவருடைய கணக்கு எனக்குத் தெரியாது. அவருடைய குரல் தெரியும்.

விரிவுரையாளராக இருந்தார், ரீடர் ஆனார். காலை பத்துக்குப் போய் மாலை ஆறுக்கு வருவார், சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் பொடி. அதைத் தட்டாமல் துவைத்தால் மாவு போலப் பிடித்துக்கொள்ளும். அவருடைய உத்தியோகத்தில் எனக்கு நேரடியாகத் தெரிந்தது அந்தப் பொடி ஒன்றுதான். ஒரு பிற்பகல் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அடுப்படிக்கே வராதவர் வந்து நிலையில் சாய்ந்துகொண்டு, “முடிஞ்சிடுச்சு” என்றார். ஏழு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்த ஒன்று முடிந்துவிட்டதாம். ஒரு துண்டு தேங்காயும் வெல்லமும் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டார்.

அது ஒரு தேற்றம். வெளிநாட்டுப் பத்திரிகையில் அச்சில் வந்தது. அதன் பிறகுதான் பேராசிரியர் ஆனார். எங்கெங்கிருந்தோ கடிதங்கள் வந்தன. அந்தத் தேற்றத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள் என்று ஒரு நாள் கூச்சத்தோடு சொன்னார். நான் இத்தனை வருஷத்தில் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. பனி கொட்டுகிற ஏதோ ஒரு ஊரில், முகம் தெரியாத யாரோ பலகைமுன் நின்று அந்தப் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குக் கை மயிர் சிலிர்த்தது.

இதெல்லாம் நடந்து இருபது வருஷம் கழிந்தது. அவர் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது கடைசி மாணவியாக ஒரு பெண் இருந்தாள். டாலிகஞ்சிலிருந்து ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வருவாள். ஒல்லியாக இருப்பாள், பேச்சு அதிகம் கிடையாது, இவரை இந்த ஊர் உச்சரிப்பில் ஸ்யார் என்றும் என்னைக் காக்கிமா என்றும் கூப்பிடுவாள். இங்கே வாத்தியார் வீட்டு அம்மாவுக்குச் சித்தி முறை. என் தயிர்சாதம் அவளுக்குப் பிடிக்கும். ஐந்து வருஷம் உழைத்து டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சிக் கட்டுரையை முடித்திருந்தாள். அது முழுக்க முழுக்க இவருடைய தேற்றத்தின் மேல் கட்டியது. இவர் போட்ட தளத்தின் மேல் அவள் எழுப்பிய மாடி. பூஜை விடுமுறை கழிந்ததும் சமர்ப்பிக்க வேண்டும்.

துர்கா பூஜை தொடங்க ஒரு நாள் இருக்கும்போது வந்தாள். பழைய அச்சுத் தாளில் ஒரு வரியைக் காட்டினாள்.

“ஸ்யார், இந்த வரி மட்டும்...”

இவர் பார்த்துவிட்டு, “அது தெளிவும்மா” என்றார். தாளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். ‘இது தெளிவு’ என்று. கணக்குக்காரர்கள் அப்படி எழுதுவார்களாம். படிப்பவருக்குத் தானே விளங்கும் என்று தோன்றினால் விளக்காமல் அந்த ஒரு சொல்லைப் போட்டுத் தாண்டிவிடுவது.

“சரி, ஸ்யார்” என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் போனாள். மறுநாளும் வந்தாள். அதே வரி.

“எத்தனை தடவை சொல்றது? இருபது வருஷமா உலகமே படிச்சிருக்கு. யாருக்கும் வராத சந்தேகம் உனக்கு வருதா?”

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். கொண்டைக்கடலையை ஊறப் போட்டுக்கொண்டிருந்தேன். என்னுடையது காய்கறிக் கடை வங்காளம். எனக்காக அவள் மெதுவாகப் பேசுவாள்.

“காக்கிமா, ஒரு பாத்திரத்துல ஓட்டை இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அது இன்னொருத்தர் வீட்டுப் பாத்திரம். உங்க சாதமும் அதுலதான் இருக்கு. சொல்வீங்களா?”

தலையை ஆட்டினேனா, அசைக்காமல் இருந்தேனா என்று நினைவில்லை. அவள் ஒரு பிடி ஊறாத கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நவமியன்று புத்தகங்களைக் கட்டினேன். மேசையில் இருந்ததையெல்லாம் எடுத்து அடுக்கி, வெள்ளைத் துணி போட்டுக் கட்டி, சந்தனம், குங்குமம் வைத்தேன். அந்த அச்சுத் தாளும் உள்ளே போய்விட்டது. அவர் குளித்துவிட்டு வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

“அந்தப் பழைய பேப்பரை மட்டும் வெளிய எடுத்துக்கட்டுமா?”

“கட்டியாச்சுங்க.”

“ஒரு பென்சில்?”

நான் குனிந்துகொண்டேன்.

“சரி, போன்ல விரலால எழுதினா அது எழுத்துல சேருமா?”

“போனுக்கும் பொட்டு வச்சாச்சு.”

எட்டிப் பார்த்தார். சாமிமுன் புத்தகக் கட்டுக்குமேல், கண்ணாடியில் குங்குமத்தோடு போன் இருந்தது. சிரித்துவிட்டார். பூஜை நாட்களில் இந்த ஊரில் பேப்பர்காரர்களுக்கும் விடுமுறை, வாசலில் படிக்கச் செய்தித்தாள்கூடக் கிடையாது. தெருக்கோடிப் பந்தலில் தாக் மேளம் அதிர்ந்தது. கையும் காலும் கட்டிப் போட்ட மாதிரி அறைக்கும் கூடத்துக்குமாக நடந்தார். கடைசியில், “வா, லேக் பக்கம் போய்ட்டு வரலாம்” என்றார்.

ஊரே புதுத்துணியில் தெருவில் இருந்தது. நாங்கள் கூட்டத்துக்கு ஒதுங்கி ஏரி ஓரமாக நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அவர் பேச ஆரம்பித்தார். நாற்பது வருஷத்தில் அதுவரை அவர் என்னிடம் தன் கணக்கைச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. அன்றைக்கு எழுத வழி இல்லை, பக்கத்தில் வேறு ஆள் இல்லை. அதனால் எனக்குச் சொன்னார்.

“ஒரு பொருள்னு வச்சுக்கோ. என்ன பொருள்னு கேக்காதே.”

“சரிங்க.”

“அதை ரெண்டாப் பிரிக்கலாம். அந்த ரெண்டையும் தனித்தனியா இன்னும் பிரிக்கலாம். நீ ஒரு விதமாப் பிரிப்பே. நான் வேற விதமாப் பிரிப்பேன். இனிமே பிரிக்கவே முடியாதுங்கிற துண்டு வரைக்கும் ரெண்டு பேரும் போறோம். கடைசியில பார்த்தா உன் கையில இருக்கிற துண்டுகளும் என் கையில இருக்கிற துண்டுகளும் ஒண்ணுதான். அதைத்தான் நான் நிரூபிச்சேன்.”

எனக்கு இவ்வளவுதானா என்றும் இருந்தது, இவ்வளவா என்றும் இருந்தது. யார் எங்கே உட்கார்ந்து எப்படிப் பிரித்தாலும் கடைசியில் கிடைப்பது ஒன்றே என்று ஒரு மனிதர் கட்டிலில் படுத்துக்கொண்டே கண்டுபிடித்திருக்கிறார். அந்த மனிதருக்கு நான் ரசம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதை எப்படி நிரூபித்தார் என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதி புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்துப் பேசினார், கேட்க நன்றாக இருந்தது. தலையாட்டிக்கொண்டே வந்தேன். திடீரென்று, “பிரிச்சுக்கிட்டே போனா ஒரு எடத்துல நின்னுடும் நின்னப்புறம் கடைசித் துண்டை எடுத்துக்கிட்டு” என்று ஓடினார்.

“என்னங்க, மூச்சு வாங்குதா? ஒக்காரலாமா?” என்றேன்.

“ஏன்?”

“இல்ல, இவ்வளவு நேரம் மெதுவாச் சொன்னீங்க. இப்ப ஏன் பஸ் பிடிக்கிற மாதிரி ஓடறீங்க? உடம்புக்கு ஏதும் பண்ணுதா?”

சத்தியமாக நான் உடம்பைத்தான் கேட்டேன். அவர் நடையை நிறுத்திவிட்டார். என்னையே பார்த்தார். பிறகு அந்த வாக்கியத்தை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். “பிரிச்சுக்கிட்டே... போனா... நின்னுடும்.” பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் முன்னால் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள், ஒரு குழந்தை பீப்பீ ஊதிக்கொண்டு போனது. எதுவும் அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. “எனக்குத் தெரியாது” என்றார்.

“என்ன தெரியாதுங்க?”

“அது ஏன் நிக்கணும்னு தெரியாது.”

“அப்ப எழுதினப்போ?”

“அப்பவும் தெரியாது போலிருக்கு. தெரியும்னு நெனச்சுக்கிட்டேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் ரெண்டு தடவை வந்தா. நான் அவளைத் திட்டி அனுப்பினேன்.”

உடனே கூப்பிட வேண்டும் என்று சட்டைப்பையைத் தடவினார். போன் சாமிக்கு முன்னால் இருந்தது.

விஜயதசமி காலையில் கட்டை அவிழ்த்தேன். பூஜை முடிந்ததும் முதலில் எதையாவது படிக்க வேண்டும், எழுத வேண்டும் என்பது முறை. அவர் அந்த அச்சுத் தாளை எடுத்தார். ‘தெளிவு’ என்று இருந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எதையோ எழுதினார். ஆங்கிலம். என்னவென்று கேட்டேன். ‘தெரியவில்லை’ என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். என் குங்குமம் அந்த ஓரத்தில் லேசாகப் படிந்திருந்தது.

அவள் மாலையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். தசமிக்குப் பெரியவர்களை வணங்குவது இவர்கள் வழக்கம். குனிந்து காலைத் தொட வந்தவளைத் தடுத்து, அந்தத் தாளைக் கையில் கொடுத்தார். பென்சில் எழுத்தைப் படித்தாள். பையிலிருந்து நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். மூன்று வாரமாகப் பையிலேயே வைத்திருந்தாளாம். பிரித்துக்கொண்டே போனாலும் நிற்காத ஒரு பொருளை அவள் கண்டுபிடித்திருந்தாள். ஒரே ஒரு பொருள். அது ஒன்று போதும், தேற்றம் விழுந்துவிடும் என்று பிறகு சொன்னார்கள். தேற்றம் விழுந்தால் அவளுடைய ஐந்து வருஷமும் விழும்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். இந்த வயதில் ஒரு மனிதர் தன் பெயர் வைத்த ஒன்று இடிவதைத் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் கொண்டுவரலாமா என்று எழுந்தேன்.

“என்ன அழகு!” என்றார்.

தமிழில்தான் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். “ஷுந்தோர்னு சொல்றார்” என்றேன். அவ்வளவுதான், அந்தப் பெண் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

“நான் பேசாம இருந்திருக்கலாமே, காக்கிமா.”

இவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே வங்காளத்தில் பதில் சொன்னார். “இருந்திருந்தா பட்டம் வாங்கியிருப்பே. இது கிடைச்சிருக்குமா?”

காளி பூஜையும் முடிந்து பல்கலைக்கழகம் திறந்ததும், துறையில் எல்லாரையும் கூட்டித் தானே சொல்லப்போவதாக அறிவித்தார். “நீயும் வா” என்றார். “நான் எங்க வர்றது?” என்றேன். “நீதானே பஸ்ஸை நிறுத்தினே, வா” என்றார். நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கடைசி பெஞ்சில், சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் முப்பது தலைகள். மேலும் கீழும் நகர்கிற பலகைகள் இரண்டு. நாற்பது வருஷம் அவர் நின்ற இடத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அவர் தன் தேற்றத்தை முழுசாக எழுதினார். நிரூபணத்தை வரிவரியாக எழுதிக்கொண்டு வந்தார். அந்தச் சொல் வந்ததும் அதைச் சுற்றிப் பெட்டி போட்டார். திரும்பி நின்று, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இது எனக்குத் தெரியாது, தெரியும் என்று எழுதிவிட்டேன், இதோ நிற்காத ஒன்று, இதைக் கண்டவள் இவள் என்று. பிறகு டஸ்டரை எடுத்துத் தேற்றத்தை அழித்தார். அந்தப் பெண் முதல் வரிசையில் தலை குனிந்திருந்தாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு வேளை சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் பத்து வருஷத்துக்குப் பேசுவார்கள். இங்கே என்ன பேசுவார்களோ.

கைத்தடி ஊன்றிய ஒரு வயதானவர், இவருக்கு முன்பே ஓய்வு பெற்றவர், எழுந்து பலகைக்குப் போனார். சாக்பீஸை இவர் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டார். “சரி, எல்லாத்துக்கும் நிக்காது. எதுக்கெல்லாம் நிக்கும்?” என்றார். அவ்வளவுதான். ஆளாளுக்கு எழுந்தார்கள். இன்னொருவர் இரண்டாவது பலகையை இறக்கினார். எதிரும் புதிருமாகப் பேசினார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்தார், கொண்டுவந்த சிங்காடா, நம் சமோசாதான், தட்டிலேயே ஆறிப்போனது. ஒருவர்கூட ‘மாட்டிக்கொண்டார்’ என்ற முகத்தோடு இல்லை. பண்டிகை வீட்டில் புதுப் பலகாரத் தட்டைச் சுற்றிக் குழந்தைகள் நிற்பார்களே, அப்படி அந்தத் தவறைச் சுற்றி நின்றார்கள். நடுவில் அந்தப் பெண். அவளும் எப்போது எழுந்து போனாள் என்று நான் பார்க்கவில்லை. அவள் கையிலும் சாக்பீஸ் இருந்தது. தலை நிமிர்ந்திருந்தது.

இப்படி ஒரு ஜாதி மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதில் ஒருவரோடு நான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

பத்திரிகைக்கு எழுதிப் போட்டார். அவர்கள் அரைப் பக்கத்தில் திருத்தம் போட்டார்கள். அவள் கட்டுரையில் வரும் பொருள்கள் எல்லாம் ஒரு தனி வகை, அந்த வகைக்காவது நிற்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள். சமர்ப்பிக்கும் தேதி தள்ளிப்போனது. ஒரு வருஷம் போல ஆயிற்று. அவள் வந்துகொண்டே இருந்தாள். நிற்கும் என்பாள், ஒரு வாரத்தில் நிற்காது என்பாள். பலகையை நான் பொங்கலுக்கும் துடைக்கவில்லை. ஒரு காலையில் ஆட்டோவிலிருந்து இறங்கி மாடிப்படியில் ஓடிவந்து, “நிக்குது காக்கிமா!” என்று என்னிடம்தான் முதலில் கத்தினாள். நான் உள்ளே திரும்பி, “நிக்குதாங்க” என்றேன். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “மெதுவாச் சொல்லச் சொல்லு” என்றார். அவள் மெதுவாகச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். ஒரு இடத்தில்கூட ஓடவில்லை.

சமர்ப்பித்த அன்று பைண்டு செய்த பிரதி ஒன்றை எடுத்து வந்தாள். அவரிடம் கொடுக்காமல் என் மடியில் வைத்துப் பிரித்தாள். எனக்கு ஒரு எழுத்தும் புரியாது என்று அவளுக்குத் தெரியும். ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

“ஸ்யார் ‘தெளிவு’ன்னு எழுதின எடம் இங்க ஆரம்பிக்குது.”

பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். எல்லாப் பக்கத்திலும் நெருக்கமாக, எறும்பு ஊர்வது போல எழுத்துகள். பதினோராவது பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கறுப்புச் சதுரம் இருந்தது. நிரூபணம் முடிந்தால் அதைப் போடுவார்களாம்.

“இங்க முடியுது” என்றாள்.

அந்தச் சதுரத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். என் விரல் நுனிகூட அதை மூடிவிட்டது. ஒரு சொல் இருந்த இடத்தில் பதினோரு பக்கம். நவராத்திரி வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நான் எழுந்து போய் குங்குமச் சிமிழை எடுத்து வந்தேன்.